சவரத்துக்குப் பின் வரும் எரிச்சலும் சிவப்பும்: எதைப் பூசலாம், எதைப் பூசலாகாது

சவரம் செய்துகொண்ட சிறிது நேரத்தில் கன்னமும் கழுத்தும் எரிவதும், தோல் சிவந்து லேசாகத் தடிப்பதும் ஏறக்குறைய எல்லா ஆண்களும் அறிந்த ஒன்றே. இதற்காக யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. வரவேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரங்களிலிருந்து எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வரும் ஆண்களில், முகம் கறுத்துப்போய்விட்டது, வெயிலில் நின்றால் நெருப்பாய் எரிகிறது, தாடிப் பகுதியில் பருக்கள் அடங்கவே மாட்டேன் என்கின்றன என்று சொல்வோர் பலர். இது எப்போது தொடங்கியது என்று வினவினால், சவரத்துக்குப் பின் வந்த சிறு எரிச்சலில்தான் தொடங்கியது என்பார்கள். அதன்பின் என்னென்ன பூசினீர்கள் என்று கேட்டால் பட்டியல் நீளும்.

சவர எரிச்சல் தானாகவே இரண்டு மூன்று நாட்களில் அடங்கிவிடக்கூடியது. அதை ஓராண்டுத் தொல்லையாக வளர்ப்பவை அதன்மீது நாம் தேய்ப்பவையே. ஆகையால் எரிச்சலைத் தணிக்கும் வழிகளோடு, பூசக்கூடாதவற்றையும் இக்கட்டுரையில் சற்று விரிவாகவே எடுத்துரைக்கின்றோம். முகச்சவரத்தை முன்னிறுத்தி எழுதினாலும், அக்குள், கால் ஆகிய பகுதிகளில் முடி நீக்கும் பெண்களுக்கும் முடிக்காணிக்கை செலுத்துவோருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தோலில் என்ன நடக்கிறது?

பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை. தோலின் மிக மேலே, இறந்த செல்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கப்பட்ட மெல்லிய படலம் ஒன்று உண்டு. உடலின் ஈரம் வெளியே போகாமலும், வெளியிலுள்ள சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே நுழையாமலும் தடுப்பது அதுவே. சவரத்தின்போது இப்படலத்தின் ஒரு பகுதியும் சுரண்டப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்கள் ஏற்படுகின்றன. தோல் உடனே அதை ஒரு காயமாகக் கருதி அவ்விடத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது; சிறு இரத்த நாளங்கள் விரிகின்றன. அதுவே சிவப்பு. காவல் குறைந்த நரம்பு முனைகளில் வியர்வையின் உப்பும் சோப்பின் காரமும் படுவதே எரிச்சல். படலம் தன்னைத் தானே சீரமைத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது இரண்டொரு நாள் அவகாசமும் வேறு தொந்தரவு இல்லாமையும்தான்.

ஒரு சொல்லை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். நூல்களில் 'சிவத்தல்' என்று எழுதப்பட்டிருப்பது வெளிர்நிறத் தோலைக் கண்டு எழுதியது. நம் நிறத்தில் அழற்சி அப்படித் தோன்றுவதில்லை. மாநிறத்தில் செம்பழுப்பாகவும், கருநிறத்தில் சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருமையாகவோ ஊதா கலந்தோ தெரியும். எனவே சிவப்பைத் தேடாமல், எரிகிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, தடித்திருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி. மேலும், நம் தோலில் அழற்சி எதுவாயினும் அது அடங்கிய பின் ஒரு கரும்படலத்தை விட்டுச்செல்லும். சூட்டுக்கொப்புளம் ஆறிய இடம் கறுத்திருப்பதைப் போன்றதே இது. இக்கருமை சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இருந்து மெல்ல மறையும். எரிச்சல் போய்விட்டது, கருமை போகவில்லை என்று பொறுமை இழக்கும் இந்த இடத்தில்தான் பலர் தவறான குழாயை நோக்கிக் கைநீட்டுகின்றனர். அதற்குப் பின்னர் வருவோம்.

முதல் இரண்டு நாட்களில் செய்யவேண்டியவை

சவரம் முடிந்ததும் குளிர்ந்த நீரால் முகத்தைக் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். எரிச்சல் மிகுந்தால், துவைத்த மென்மையான பருத்தித் துணியைக் குளிர்ந்த குடிநீரில் நனைத்துப் பிழிந்து, எரியும் இடத்தில் ஐந்து முதல் பத்து நிமிடங்கள் இட்டு வையுங்கள். பானைத் தண்ணீரே போதுமான குளிர்ச்சி உடையது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்யலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கலாகாது. அது வேறொரு காயத்தை உண்டாக்கும்.

துணியை எடுத்தபின் ஈரம் முழுதும் உலர்வதற்குள், நறுமணம் சேர்க்காத சாதாரண ஈரப்பதக் களிம்பை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. தோல் வறண்டவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் நான்கைந்து துளி போதும். ஆனால் பரு வரும் முகத்துக்கும், வியர்த்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கும் எண்ணெய் உகந்ததன்று. தறிக்கூடத்தில் பகல் முழுதும் நிற்பவர்கள் எண்ணெய் தடவினால் பஞ்சுத்தூசி அதில் ஒட்டி அரிப்பையே கூட்டும். அரிப்பு மேலோங்கியிருந்தால் கேலமைன் லோஷன் பூசலாம். அது உலரும்போது குளிர்ச்சி தரும். தோல் மிக வறண்டிருந்தால் தொடர்ந்து பூச வேண்டாம்.

எரிச்சல் முற்றிலும் அடங்கும்வரை மறுபடி சவரம் செய்யலாகாது. இந்த ஒன்றைக் கடைப்பிடிப்பதே பலருக்கும் கடினமாக இருக்கிறது. திருமண வீடு, நேர்முகத் தேர்வு, சீருடைப் பணி என்று ஏதேனும் ஒன்று குறுக்கிடும். தவிர்க்கவே இயலாதபோது பிளேடை விடுத்து, முடியை ஒட்டக் கத்தரிக்கும் மின் டிரிம்மரைப் பயன்படுத்துங்கள். நடுப்பகல் வெயிலையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். பின்னர் வரும் கருமையை மிகுவிப்பது வெயிலே. தலைக்கவசத்தின் தாடைப்பட்டை எரிச்சலான கழுத்தில் உராய்ந்தால் இடையே மென்மையான கைக்குட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தை விட்டுவிடாதீர்கள்.

கைக்கு எட்டும் பொருள்கள்

எலுமிச்சையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் நம் பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்போன ஊர். சவரத்துக்குப் பின் எலுமிச்சை மூடியை முகத்தில் தேய்க்கும் வழக்கம் இங்கு உண்டு. கிருமி போகும், கருமை போகும் என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறானது. எலுமிச்சையின் சாற்றிலும் தோலிலும் உள்ள ஃபியூரோகுமரின் என்னும் வேதிப்பொருள் நம் தோலில் படிந்து, அதன்மீது வெயில் பட்டால், ஓரிரு நாட்களில் தீக்காயம் போன்ற சிவப்பும் சிலருக்குக் கொப்புளமும் தோன்றும். அது ஆறிய இடத்தில் ஆழ்ந்த பழுப்புக் கறை பல வாரங்கள் நிற்கும். சாறு வழிந்த வழியிலேயே கன்னத்திலிருந்து கழுத்துவரை கோடுகோடாகக் கறை படிந்திருப்பதைக் கண்டே நாங்கள் காரணத்தை ஊகித்துவிடுவதுண்டு. எலுமிச்சை இலைக்கும் சோற்றுக்கும் உரியது. சவரம் செய்த முகத்துக்கு உரியதன்று.

அடுத்தது புற்றுமண். சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருக்கோயிலின் புற்றுமண் தோல் நோய்களைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை தலைமுறைகளாக நம் மக்களிடம் வேரூன்றியது. ஆடித்தபசுக்கு வரும் வெளியூர் அன்பர்களும் அதை வீட்டுக்கு எடுத்துச்செல்கின்றனர். அந்த நம்பிக்கையில் கருத்துச் சொல்வது எங்கள் வேலையன்று. நெற்றியில் இட்டுக்கொள்வதற்கு மருத்துவம் தடை சொல்லவும் இல்லை. நாங்கள் வேண்டுவது ஒன்றே: புதிதாகச் சவரம் செய்த தாடையிலோ, மொட்டையடித்த தலையிலோ, புண்ணிலோ எந்த மண்ணையும் குழைத்துப் பூசாதீர்கள். மண் எங்கிருந்து எடுக்கப்பட்டாலும் அதில் நுண்ணுயிர்கள் இருக்கும்; ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் வாழுமிடமே மண்தான். கீறல் வழியே அவை உள்ளே செல்ல நாமே வழி செய்யலாகாது. தோல் முழுமையாக மூடியபின் உங்கள் விருப்பம்.

இருக்கன்குடியிலும் திருச்செந்தூரிலும் பழனியிலும் முடிக்காணிக்கை செலுத்தியபின் தலையில் சந்தனம் பூசுவது நம் வழக்கம். கல்லில் இழைத்த சந்தனத்தைக் காய்ச்சி ஆறிய நீரில் குழைத்துப் பூசினால் குளிர்ச்சிதான், பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. கடைகளில் கிடைக்கும் மஞ்சள்நிறப் பொடிகளில் சாயமும் செயற்கை மணமும் சேர்ந்திருக்கக்கூடும். கைக்குழந்தையின் தலையில் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தையின் தலையில் வெட்டுக்காயம் பட்டிருந்தால் சுத்தமான நீரில் கழுவி, சுத்தமான துணியால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் இரத்தம் நிற்கும்.

படிகாரம் சிறு வெட்டில் கசியும் இரத்தத்தை நிறுத்தும், உண்மைதான். அதன் துவர்ப்பு அவ்விடத்துப் புரதத்தை உறையச் செய்கிறது. எரிச்சலைத் தணிக்கும் தன்மை அதற்கு இல்லை. தோலை மேலும் உலர்த்தும். ஒரே படிகாரக் கட்டி நாள் முழுதும் பலருடைய முகங்களில் தேய்க்கப்படுவதும் நல்லதன்று. வீட்டில் தனிக்கட்டி வைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட புள்ளியில் மட்டும் தொட்டு வையுங்கள்.

சாராயம் கலந்த வாசனை லோஷன்கள் சுரீர் என்று எரிவதைக் 'கிருமி சாகிறது' என்று பலர் எண்ணுகின்றனர். காவல் இழந்த தோலில் சாராயம் படுவதன் வலியே அது. கழுவவும் தரை துடைக்கவும் பயன்படும் கிருமிநாசினித் திரவத்தை நீர் கலக்காமல் முகத்தில் பூசி, தோல் வெந்துபோய் வருவோரும் உண்டு. பற்பசையும் அவ்வாறே. சோற்றுக்கற்றாழையைப் பொறுத்தவரை எங்களுக்கு மறுப்பில்லை. அதன் தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள்நிறப் பாலே எரிச்சல் தருவது. மடலை வெட்டிச் சற்று நேரம் சாய்த்து வைத்து அந்தப் பாலை வடியவிட்டு, உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை நன்கு அலசிய பின்னரே பூச வேண்டும். பூசியபின் அரித்தால் கழுவிவிடுங்கள்.

ஸ்டீராய்டு களிம்பு என்னும் கண்ணி

மேற்சொன்னவை தரும் தொல்லைகள் பெரும்பாலும் ஆறிவிடும். எங்களை உண்மையாகவே கவலை கொள்ளச் செய்வது மருந்துக் கடையில் கேட்டு வாங்கப்படும் ஸ்டீராய்டு களிம்புகளே.

நடப்பது இதுதான். சவர எரிச்சலுக்கு ஏதாவது கொடுங்கள் என்று ஒருவர் கேட்கிறார். பீட்டாமெத்தசோன் அல்லது குளோபெட்டசால் அடங்கிய குழாய் ஒன்று கிடைக்கிறது. பூசிய மறுநாளே எரிச்சல் அடங்குகிறது; தோல் வெளுத்துப் பொலிவாகவும் தெரிகிறது. இவ்வளவு நல்ல மருந்தா என்று சவரத்துக்குப் பின் நாள்தோறும் பூசத் தொடங்குகிறார். நண்பருக்கும் பரிந்துரைக்கிறார். சில வாரங்களில் தோல் மெலிகிறது, கன்னத்தில் இரத்த நாளங்கள் நூல்போல் தெரிகின்றன, பருக்கள் கிளம்புகின்றன. பயந்து நிறுத்தினால் முன்னைவிடப் பன்மடங்கு எரிச்சலும் சிவப்பும் திரும்புகின்றன. 'மருந்தை விட்டதால்தான் இப்படி' என்று மறுபடியும் பூசுகிறார். முகம் அந்தக் களிம்புக்கு அடிமையாகிவிடுகிறது. இந்நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சேதமுற்ற முகம்' என்று தனிப்பெயரே இட்டிருக்கின்றனர் என்றால் இது எவ்வளவு பரவலானது என்பது விளங்கும்.

கருமையைப் போக்கவென விற்கப்படும் சில 'நிறம் கூட்டும்' களிம்புகளிலும் இதே ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின் என்னும் வேறு இரு மருந்துகளோடு கலந்திருக்கிறது. மங்கு என்னும் நோய்க்கு, குறிப்பிட்ட சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் தரப்படுவது அது. தானே மறையக்கூடிய சவரக் கருமைக்கு அதை மாதக்கணக்கில் பூசுவது எறும்பு கடித்த இடத்தைச் சூடு போட்டு ஆற்றுவதைப் போன்றது.

மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவரின் சீட்டு இன்றி விற்கலாகாத மருந்துகளின் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் இருந்தும் குழாய்கள் கைக்குக் கிடைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டியுள்ளது. குழாயின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களுள் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கொண்டு படித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு நஞ்சு என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கையிலுள்ள சிறந்த மருந்துகளில் அது ஒன்று. கடும் அழற்சிக்கு மிக வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மூன்று நாட்களுக்கு நாங்களே எழுதித் தருவதும் உண்டு. எது, எவ்வளவு வீரியம், எத்தனை நாள் என்பதே வேறுபாடு.

ஏற்கெனவே நெடுநாள் பூசிவந்தவர்கள் இதைப் படித்துவிட்டு அச்சத்தில் குழாயை வீசியெறிந்துவிட வேண்டாம். வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதா, மாற்று மருந்து தருவதா என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய இயலும். மீள்வதற்குச் சில மாதங்கள் ஆகும், பெரும்பாலோர் மீள்கின்றனர்.

எரிச்சல் அன்று, வேறு நோய்

எரிச்சல் இரண்டு மூன்று நாட்களில் அடங்காவிடில் அது வெறும் சவர எரிச்சலாக இல்லாமல் இருக்கலாம். சவரம் செய்து ஓரிரு நாட்கள் கழித்து, கழுத்திலும் தாடைக்குக் கீழும் சிறு கொப்புளங்கள்போல் முண்டுகள் தோன்றினால், உள்வளர்ந்த முடியாக இருக்க வாய்ப்பு மிகுதி. சுருள்முடி உடையவர்களுக்கு, கூராக வெட்டப்பட்ட முடியின் முனை வெளியே வளர்ந்து வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே குத்தி நுழைகிறது. தோல் அதை முள்ளாகக் கருதி எதிர்க்கிறது. அமெரிக்க இராணுவத்தில் சுருள்முடி உடைய ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களுக்கு இது பெருந்தொல்லையாக இருந்து, சவரத்திலிருந்து மருத்துவ விலக்கு அளிக்கப்பட்டு வந்தது. நம் ஊரிலும் காவல் துறையிலும் இராணுவத்திலும் சேர்ந்து நாள்தோறும் சவரம் செய்யத் தொடங்கும் இளைஞர்களிடம் இதைக் காண்கின்றோம்.

ஒட்ட ஒட்டச் சவரம் செய்வதே இதற்கு வித்து. ஜில்லெட் நிறுவனம் 1971-இல் இரட்டை பிளேடு கருவியை அறிமுகம் செய்தது. இன்று நான்கு, ஐந்து பிளேடுகள் வரை வந்துவிட்டன. முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது வெட்ட, மீதி முடி தோல்மட்டத்துக்குக் கீழே உள்வாங்குகிறது. முகம் வழுவழுப்பாகத் தோன்றுவதன் காரணம் அதுவே. முடி உள்ளேயே குத்துவதன் காரணமும் அதுவே. சுருள்முடி உடையவர்கள் ஒற்றை பிளேடுக்கு மாறுவது நல்லது. முண்டுகள் மிகுந்தால் மூன்று நான்கு வாரங்கள் பிளேடைத் தொடாமல், டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவு முடியை விட்டுக் கத்தரிக்க வேண்டும். முடியை ஊசியாலோ நகத்தாலோ தோண்டி எடுத்தால் தழும்பு நிலைத்துவிடும். சீருடைப் பணியில் இருப்போர் மருத்துவச் சான்று தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கள்.

வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஆடுமாடு வளர்ப்போருக்குக் கால்நடைகளிடமிருந்து தாடியில் தொற்றும் வகை ஒன்று உண்டு. அது சீழ்க்கட்டிபோல் வீங்கி முடியையும் உதிர்க்கும். மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத படர்தாமரை நம் நாட்டில் பெருகிவிட்ட நிலையில், அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020-இல் ஆய்வாளர்கள் இந்தியாவின் பெயரையே சேர்த்து டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் சூட்டினர். பெருமைப்பட ஒன்றுமில்லை. பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகளைத் தாமாகப் பூசுவது இப்பெருக்கத்துக்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. ஸ்டீராய்டு அரிப்பை மறைக்கும். பூஞ்சை அடியில் பரவிக்கொண்டிருக்கும்.

நாற்பதைக் கடந்தவர்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: மீசைக்குச் சாயம் பூசுகிறீர்களா? கருஞ்சாயங்களில் உள்ள பாராஃபினைலின்டையமின் என்னும் பொருள் ஒவ்வாமைக்குப் பேர்போனது. ஞாயிற்றுக்கிழமை காலை சவரம் செய்து, உடனே மீசைக்குச் சாயமும் பூசினால், சுரண்டப்பட்ட தோல் வழியே அது எளிதாக உட்செல்கிறது. ஓரிரண்டு நாட்களில் மேலுதடு வீங்கி நீர் வடியும். பத்தாண்டுகளாகப் பூசுகிறேன், ஒன்றும் ஆனதில்லை என்பது இதற்கு மறுப்பாகாது. ஒவ்வாமை எந்த வயதிலும் தொடங்கலாம். ஒருமுறை வந்துவிட்டால் அந்தச் சாயத்தை மறுபடி தொடலாகாது.

சவரம் செய்யும் முறை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளித்தபின், அல்லது வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மூன்று நிமிடம் முகத்தில் வைத்தபின் சவரம் செய்யுங்கள். ஊறிய முடி இலகுவாக வெட்டுப்படும். நம் வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கிறது. அதில் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பில் பிளேடு வழுக்காது. மேலும் அது தோலில் படிந்து எரிச்சல் தரும். சவரத்துக்கு மட்டுமாவது ஒரு சொம்பு குடிநீரை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விரலால் தடவிப் பார்த்து முடி சாயும் திசையிலேயே பிளேடை நகர்த்துங்கள். கழுத்தில் அத்திசை பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ இருக்கலாம். அழுத்த வேண்டாம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டாம். ஐந்து முதல் ஏழு சவரங்களுக்கு ஒருமுறை பிளேடை மாற்றுவது செலவுதான். மழுங்கிய பிளேடு தரும் தொல்லையைவிடக் குறைந்த செலவு.

முடிதிருத்தகத்தில் உங்கள் கண்முன்னே புதிய பிளேடை உடைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். இதைக் கேட்பதால் தொழிலாளியை அவமதிப்பதாக எண்ண வேண்டாம். பெரும்பாலோர் இப்போது கேட்காமலே மாற்றுகின்றனர். மஞ்சள் காமாலை பி வைரஸ் உலர்ந்த பரப்புகளில்கூட ஏழு நாட்கள்வரை தொற்றும் ஆற்றலோடு இருக்கக்கூடியது. வீட்டிலும் தந்தையும் மகனும் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளலாகாது.

நோயாளிகளும் உடனிருந்து கவனிப்போரும் அறிய வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு வரும் முன் வீட்டிலேயே சவரம் செய்து 'தயாராக' வரும் நல்ல எண்ணம் பலருக்கு உண்டு. தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். பிளேடு உண்டாக்கும் நுண்கீறல்களில் கிருமிகள் தங்கிப் பெருகும். அறுவைப்புண் சீழ்பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். முடியை நீக்காமல் விடுவது, இன்றியமையாதெனில் கிளிப்பரால் மட்டும் கத்தரிப்பது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இயல்பான பிரசவத்துக்கு முன் வழக்கமாகச் சவரம் செய்வதையும் அந்நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வேண்டியதைப் பிரிவுச் செவிலியர் பார்த்துக்கொள்வர்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரைகளை உட்கொள்வோர், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தோர், கீமோ சிகிச்சை பெறுவோர் ஆகியோர் மின் டிரிம்மரையே பயன்படுத்த வேண்டும். சவரத்துக்காக மாத்திரையை ஒருநாள் நிறுத்துவது பெரும் பிழை. முகத்துக்கோ கழுத்துக்கோ கதிரியக்கச் சிகிச்சை நடைபெறும்போது அப்பகுதியில் பிளேடும் வாசனை லோஷனும் அறவே கூடாது. நீரிழிவு நோயாளிகளுக்குச் சிறு கீறலும் சீழ்கொள்ளக்கூடும் என்பதால் சவரத்துக்கு மறுநாள் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்வது நல்லது.

படுக்கையிலிருக்கும் தந்தைக்கோ தாத்தாவுக்கோ நீங்கள் சவரம் செய்துவிடும்போது, முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, தலைப்பக்கத்தை உயர்த்திவையுங்கள். பல் விழுந்த கன்னத்தில் தோல் மடிந்திருக்கும். சுருக்கங்களை மட்டும் விரலால் மெல்ல நீவிப் பிடித்து, சிறு சிறு இழுப்புகளாகச் செய்யுங்கள். பக்கவாதம் தாக்கியவருக்கு ஒரு பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெட்டுப்பட்டாலும் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். நாள்தோறும் செய்ய வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை டிரிம்மர் ஓட்டினாலே முகம் தெளிவாக இருக்கும். வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர் கவனியுங்கள்: ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மின் சவரக் கருவியையோ டிரிம்மரையோ இயக்கலாகாது, ஒரு பொறியே தீயாகப் பற்றிக்கொள்ளும். மூக்கின் அருகே வாசலின், எண்ணெய் போன்றவற்றையும் பூசாதீர்கள். நீரில் கரையும் களிம்புகளே பாதுகாப்பானவை. ஆக்சிஜனைச் சற்று நேரம் நிறுத்தலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டபின்பே முடிவு செய்யுங்கள்.

எப்போது வர வேண்டும்? சீழ் கோத்தால், வலியும் வீக்கமும் பரவினால், காய்ச்சல் கண்டால், கண்ணையோ மூக்கையோ சுற்றி வீங்கினால், ஒரு பக்கத்தில் மட்டும் நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றினால் அன்றே வாருங்கள். ஒரு வாரம் கடந்தும் எரிச்சல் அடங்காவிடில் அவசரமில்லை, ஆனால் வாருங்கள். வருவதற்கு முந்தைய இரண்டு நாட்கள் சவரம் செய்யாமலும், அன்று காலை முகத்தில் எதையும் பூசாமலும் வந்தால் எங்களுக்குத் தோலைப் பார்க்க எளிதாக இருக்கும். இதுவரை பூசிய களிம்புக் குழாய்கள், சாயப் பொட்டலங்கள், சோப்பு உறை அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். தீர்ந்துபோன குழாயானாலும் பரவாயில்லை, பெயர் தெரிந்தால் போதும். ஏன் இதைப் பூசினீர்கள் என்று யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.